சாலியமங்கலத்தில் ஏறிய காபி

மருத்துவக் கல்லூரிச் சாலையில் புதிதாக ஒரு காபிக் கடை வந்திருக்கிறது. கடை என்று சொன்னால் என் மகளுக்குப் பிடிக்காது, ரோஸ்டரி என்று சொல்ல வேண்டுமாம். லீவுக்குச் சென்னையிலிருந்து வந்தவள் போன வாரம் என்னை அங்கே அழைத்துப்போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய இரும்பு உருளை சுற்றிக்கொண்டிருந்தது. தாடி வைத்த ஒரு பையன் அதன் முன்னால் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றான். மேசையில் ஒரு அட்டை. அன்றைய காபியில் நார்த்தம்பழத் தோலும் பனைவெல்லமும் தெரியும் என்று அதில் போட்டிருந்தது. அதெல்லாம் தெரிவது இருக்கட்டும், பால் உண்டா என்று கேட்கப் போனேன். மகள் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பையன் உருளையின் வாயைத் திறந்து கொட்டைகளைத் தட்டில் கொட்டினான். வாசனை நேராக என் மூக்குக்கு வந்தது. கருகல் இல்லை, கடைத்தெருவில் அரைக்கும்போது வருமே அந்தக் கனத்த நெடியும் இல்லை. வேர்க்கடலையை மணலில் வறுக்கிற வாசனைக்கும் புது வெல்லத்தைப் பிட்டால் வருகிற வாசனைக்கும் நடுவில் ஒன்று. "ஸ்டெல்லா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"யாரும்மா ஸ்டெல்லா?" என்றாள் மகள்.

கூட வேலை பார்த்தவள் என்றேன். ஆனால் வயிற்றில் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. காபியால் வந்தது என்று சொல்ல முடியாது, இன்னும் நான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. ரிட்டையராகி, மூட்டு தேய்ந்து, பேரப்பிள்ளையும் எடுத்தாகிவிட்டது. இந்த வயதிலுமா பொறாமை என்று நீங்கள் கேட்கலாம். வயதானால் சர்க்கரை வருகிறது, பிரஷர் வருகிறது. இருப்பது எதுவும் போவதாக எனக்குத் தெரியவில்லை.

அப்போது நான் நீடாமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். தஞ்சாவூரிலிருந்து தினமும் காலை பாசஞ்சர். மீட்டர் கேஜ் வண்டி, எருமை வண்டிக்கு அண்ணன் மாதிரி போகும். அதே பள்ளிக்கூடத்தில் கமலா தமிழ் டீச்சர். நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே பெட்டியில் ஒரே ஜன்னலோரம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து போகிறவர்கள். அவள் டிபன் கொண்டுவருவாள், நான் பிளாஸ்க்கில் காபி கொண்டுவருவேன். யாரும் பேசிவைத்துக்கொண்ட ஏற்பாடு இல்லை. முதல் நாள் அவளிடம் இட்லி இருந்தது, என்னிடம் காபி இருந்தது. அப்படியே நிலைத்துவிட்டது.

என் காபியைப் பற்றி எனக்கு ஏகப்பட்ட பெருமை. பீபரி பாதி, பிளான்டேஷன் பாதி, சிக்கரி ஒரு கை என்று கடைக்காரரிடம் சொல்லி என் கண் முன்னால் அரைத்து வாங்குவேன். எங்கள் வீட்டில் நிலம் போயிற்று, நெல் வருவது நின்றது, கொல்லையில் மாடு மட்டும் கட்டிக்கிடந்தது. அதனால் பால் கள்ளிச்சொட்டு மாதிரி கெட்டி. சாலியமங்கலம் வருவதற்குள் கமலாவும் நானும் சாப்பிட்டு முடித்துவிடுவோம். கமலா டம்ளரை உயரத் தூக்கி, அண்ணாந்து, ஒரு சொட்டு சிந்தாமல் வாயில் ஊற்றிக்கொள்வாள். ஆடுகிற வண்டியில் அது ஒரு வித்தை. அவர்கள் வீட்டில் எச்சில் பட்டுக் குடித்தால் மாமியார் வீட்டையே கழுவிவிடுவாராம். குடித்துவிட்டு, "ம், நல்லாருக்கு" என்பாள். அதுதான் எனக்கு அன்றைய சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரம், சாலியமங்கலத்தில் ஸ்டெல்லா ஏறினாள். சயின்ஸுக்குப் புதிதாக வந்தவள். எங்களைவிடச் சின்னவள், ஒல்லி, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. கையில் ஒரு பிளாஸ்க். பிளாஸ்க்கைப் பார்த்தவுடனேயே எனக்குப் பிடிக்கவில்லை. ஏறியவள் என்னை "டீச்சர்" என்றாள், கமலாவை "அக்கா" என்றாள். அதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

மறுநாள் அவள் மூடியைத் திறந்தபோது எதிர் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ரயில்வே ஆசாமி கண்ணைத் திறந்து பார்த்தார். அப்படி ஒரு வாசனை. "எந்தக் கடைப் பொடி?" என்று கமலா கேட்டாள். "கடையில வாங்கறதில்லக்கா. எங்க அக்கா வீட்டுக்காரர் தாண்டிக்குடிப் பக்கம் எஸ்டேட்ல இருக்காரு. பச்சைக் கொட்டை குடுத்து விடுவாரு. சனிக்கிழமை நானே வறுத்துக்குவேன்" என்றாள் ஸ்டெல்லா. சிக்கரியே கிடையாதாம். சிக்கரி இல்லாத காபி காபியா என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

கமலா வழக்கம்போல டம்ளரைத் தூக்கினாள். ஸ்டெல்லா தடுத்தாள்.

"தூக்கிக் குடிச்சா வாசனை மூக்குக்கே போகாதுக்கா. வாய் வச்சு உறிஞ்சிக் குடிங்க."

கமலா ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு டம்ளரை உதட்டில் வைத்து உறிஞ்சினாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடைய கல்யாணத்தில்கூட டம்ளரைத் தூக்கிக் குடித்தவள் அவள். எனக்காக ஒரு நாளும் வாய் வைத்துக் குடித்ததில்லை. நான் சொல்லவும் இல்லை என்பது வேறு விஷயம். சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

"இதுதான்டி காபி" என்றாள் கமலா. 'டி' ஸ்டெல்லாவுக்கு.

அதற்குப் பிறகு காலை டிபன் சாலியமங்கலம் தாண்டித்தான் என்று ஆயிற்று. "அவளும் வந்துடட்டுமே" என்பாள் கமலா. அவளும் வருவாள், வந்து உட்காருவாள். கமலா முதலில் என் பிளாஸ்க்கிலிருந்து ஊற்றி, தூக்கிக் குடித்து, "ம், நல்லாருக்கு" என்பாள். பிறகு டிபன். அது முடிந்து கோயில்வெண்ணி நெருங்கும்போது ஸ்டெல்லாவின் காபி. அது மட்டும் உறிஞ்சல். கல்யாண விருந்துக்கு முன்னால் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுப்பார்களே, அந்த இடத்தில் என் காபி இருப்பதாக எனக்குத் தோன்றும். முதலிடம் என்னுடையதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாலும், நாக்கில் தங்குவது கடைசியில் குடித்ததுதான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஸ்டெல்லாவுக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. எந்தப் பண்டத்துக்கு எந்தக் காபி என்று பார்ப்பாள். "அடைக்குக் கொஞ்சம் கருக்க வறுத்தது வேணும்க்கா, எண்ணெயை அறுக்கும். இட்லிக்கு இளவறுப்புப் போதும். வெண்பொங்கல்னா டிகாக்ஷன கூட்டி, சீனிய குறைக்கணும்" என்பாள். காபிக்கும் டிபனுக்கும் ஜாதகம் பார்க்கிறாளே என்று நான் கிண்டல் செய்தேன். கமலா சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் திரும்பி வரும்போது, சாலியமங்கலத்தில் இறங்கப் போனவளை நிறுத்தி, "நாளைக்கு அடைடி ஸ்டெல்லா" என்றாள். கமலா மறுநாள் என்ன டிபன் என்று என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. டப்பாவைத் திறந்தால்தான் எனக்குத் தெரியும்.

என்னிடமும் ரோஷம் இருக்கிறதல்லவா. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் கெஞ்சிப் பச்சைக் கொட்டை வாங்கிவந்து வாணலியில் போட்டு வறுத்தேன். கொட்டை பச்சையிலிருந்து மஞ்சளாயிற்று, மஞ்சளிலிருந்து பழுப்பாயிற்று, பழுப்பிலிருந்து எப்போது கருப்பாயிற்று என்று எனக்கே தெரியாது. புகை கூடத்தைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. ஸ்டவ் வெடித்துவிட்டது என்று எதிர்வீட்டுக்காரர் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். இரண்டாம் ஈடு பரவாயில்லை, பார்வைக்கு ஸ்டெல்லாவின் கொட்டை மாதிரியே இருந்தது. ஆவல் தாங்காமல் சூடு ஆறுவதற்குள் அரைத்து, ஃபில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றினேன். பொடி புஸ்ஸென்று பொங்கி மூடியைத் தூக்கியது. கீழே இறங்கிய டிகாக்ஷனில் வாசனையும் இல்லை, ருசியும் இல்லை, ஒரு பச்சை வாடைதான் இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நான் கொட்டை சொத்தை என்றேன். கேட்டிருந்தால் ஸ்டெல்லா ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாள். அந்தத் தாடிக்காரப் பையனே போன வாரம் கேட்காமலே சொன்னான், "வறுத்தா ரெண்டு மூணு நாள் மூச்சு விட வைக்கணும் மேம், அப்பறம்தான் அரைக்கணும்" என்று. ஸ்டெல்லா சனிக்கிழமை வறுத்ததைத் திங்கட்கிழமைக்கு முன்னால் தொட்டிருக்க மாட்டாள். ஆனால் அவளிடம் போய்க் கேட்பதா?

தவக்காலம் வந்தது. ஸ்டெல்லா காபியை விட்டுவிட்டாள். ஈஸ்டர் வரைக்கும் ஒரு சொட்டுத் தொட மாட்டாளாம். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அற்ப சந்தோஷம். மறுநாளும் பிளாஸ்க்கோடுதான் ஏறினாள். "நான்தான குடிக்கக் கூடாது, நீங்க குடிக்கலாமே" என்று ஊற்றிக் கொடுத்தாள். தான் குடிக்காமல், ருசி பார்க்காமல், வாசனையை வைத்தே பதம் பார்த்துக் கொண்டுவருகிறாள் என்று கமலா உருகிப்போனாள். காபியில் தோற்றது போதாதென்று பக்தியிலும் தோற்றேன். நானும் மார்கழியில் காபியை விடுவதாகச் சங்கல்பம் செய்தேன். முதல் நாள் இரண்டாம் பீரியடில் தலைவலி மண்டையைப் பிளந்தது. அக்பரின் பிள்ளை யார் என்று கேட்ட ஒரு பெண்ணைப் பெஞ்சு மேல் ஏற்றினேன். மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு காபி குடித்தேன்.

ஸ்டெல்லா நல்லவள் என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய உபத்திரவம். ஒரு நாளும் என் காபியைக் குறை சொன்னதில்லை. என் பிளாஸ்க்கின் மூடி உடைந்தபோது எங்கோ தேடி மூடி வாங்கிக்கொண்டு வந்தாள். கெட்டவளாக இருந்தால் பொறாமைப்படுவது எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

பிறகு அவளுக்குக் கல்யாணமாகி, வேளாங்கண்ணிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். பெட்டியில் பழையபடி நானும் கமலாவும். டிபன் அவளுடையது, காபி என்னுடையது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் சாலியமங்கலத்தில் வண்டி நிற்கும்போதெல்லாம் கமலா ஜன்னல் வழியாகப் பிளாட்ஃபாரத்தைப் பார்ப்பாள். வண்டி கிளம்பிய பிறகுதான் டிபன் டப்பாவைத் திறப்பாள். நாங்கள் ரிட்டையர் ஆகும்வரை அப்படித்தான். என் காபியைத் தூக்கித்தான் குடித்தாள். நானும் வாய் திறந்து கேட்கவில்லை.

ரிட்டையரான பிறகு எனக்கு வேறு வேலை என்ன? பச்சைக் கொட்டை வாங்கி மறுபடி வறுக்க ஆரம்பித்தேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். பல மாதங்கள் கருக்கினேன், அரைவறுப்பில் விட்டேன், அக்கம்பக்கத்து நாய்களை எல்லாம் தும்மவைத்தேன். ஒரு தடவை வறுத்து முடித்த கையோடு சீர்காழியில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. கொட்டையைத் தூக்குச்சட்டியில் கொட்டி, மேலே ஒரு துணியைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். திரும்பி வந்து அலுப்போடு அரைத்தேன். வாசனை வந்தது. அதே வாசனை. சமையலறையில் தனியாக நின்றுகொண்டு டம்ளரை வாய் வைத்து உறிஞ்சினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே நினைத்தது ஒன்றுதான்: இதைக் கமலா குடிக்க வேண்டும். குடித்துவிட்டு, "இதுதான்டி காபி" என்ற அந்த வார்த்தையை என்னிடம் சொல்ல வேண்டும்.

அடுத்த ஈட்டை முறையாக வறுத்து, ஆறவிட்டு, நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது கமலாவுக்குக் கண்புரை ஆபரேஷன். பார்த்துவிட்டு வர இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. ஸ்டெல்லாவும் அன்று வேளாங்கண்ணியிலிருந்து பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தாள். அவள் வருவதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று பிளாஸ்க்கோடு ஆட்டோ ஏறினேன்.

கமலா வீட்டில் வாசல் கதவு திறந்து கிடந்தது. மருமகள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கமலா கூடத்தில் சாய்வு நாற்காலியில், கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கிடந்தாள். தூங்குகிறாளோ என்று சத்தமில்லாமல் பக்கத்தில் போய் பிளாஸ்க்கைத் திறந்தேன். அவள் மூக்கு விடைத்தது. முகம் முழுக்க ஒரு சிரிப்பு.

"ஸ்டெல்லா, வந்துட்டியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "சொட்டு மருந்து விட்டிருக்கு, கண்ணத் தொறக்கக் கூடாதாம். காபிய இப்ப ஊத்தாதடி. அவ வர்ற நேரம். அவளோடத முதல்ல குடிச்சுடறேன். ஒன்னோடத குடிச்சிட்டு அவளோடத குடிச்சா எறங்க மாட்டேங்குது. மூஞ்சியில தெரிஞ்சுடும், அவ தாங்க மாட்டா. அன்னிக்கே நாம பேசி வச்சுக்கிட்டதுதான."

நான் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ரயில் பெட்டியில் முதலிடம் எப்படி எனக்குக் கிடைத்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பேச்சு இருந்திருக்கிறது, அதில் நான் இல்லை. பேச்சே என்னைப் பற்றித்தான் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. "நான்தான்டி" என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டியிருக்கும். மெல்லப் பின்னால் நடந்து வாசலுக்குப் போனேன். இரும்புக் கேட்டைச் சத்தமாக ஆட்டினேன். செருப்பைத் தேய்த்துக்கொண்டு மறுபடி உள்ளே வந்தேன்.

"கமலா, நான் வந்துட்டேன்."

"வா, வா. ஒனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். ஸ்டெல்லா எங்க?"

"பின்னாடி கை கால் கழுவறா."

"சரி, ஒன் காபிய ஊத்து."

ஊற்றிக் கொடுத்தேன். கமலா நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடியபடியே டம்ளரைத் தூக்கி வாயில் ஊற்றிக்கொண்டாள். "ம், நல்லாருக்கு" என்றாள். அதே குரல், அத்தனை வருஷமும் நான் கேட்ட அதே இரண்டு வார்த்தை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஸ்டெல்லாவோடதையும் ஊத்தேன், ஆறிடப் போவுது" என்றாள்.

அதே பிளாஸ்க்கிலிருந்து அதே காபியை இன்னொரு டம்ளரில் ஊற்றினேன். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். முகர்ந்தாள். உதட்டில் வைத்து உறிஞ்சினாள். "இதுதான் காபி" என்றாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இத்தனை காலம் காத்திருந்த வார்த்தை என் காபிக்குத்தான் வந்திருக்கிறது, ஆனால் அது என்னைத் தாண்டி யாரோ கை கழுவிக்கொண்டிருக்கிற இடத்துக்குப் போய்விட்டது. நான் என் காபி மேலேயே பொறாமைப்பட்டுக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் நிஜமான ஸ்டெல்லா வந்தாள். தலை நரைத்துப்போய், கையில் ஒரு கொய்யாப்பழப் பை. பிளாஸ்க் கிடையாது.

"கை கழுவ இவ்வளவு நேரமாடி?" என்றாள் கமலா.

ஸ்டெல்லா அவளைப் பார்த்தாள், இரண்டு டம்ளர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் போய்க் கமலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இப்பதான் பஸ்ஸ விட்டு எறங்கி வர்றேன்க்கா. நான் காபி கொண்டாரல. நீங்க குடிச்சது ரெண்டும் டீச்சரோடது."

கமலா சிரித்தாள். ஆபரேஷன் கண்ணோடு அப்படிச் சிரிக்கக் கூடாது.

"நீ மாறவே மாட்டடி. இன்னும் அவளுக்கு விட்டுக் குடுத்துக்கிட்டே இருக்க."

"இல்லக்கா, நிசமாத்தான்."

"சரி சரி, அவளோடதுதான். ஒத்துக்கிட்டேன், போதுமா?" என்று என் பக்கம் குத்துமதிப்பாகத் திரும்பித் தலையை ஆட்டினாள். குழந்தைக்குப் பொம்மையைக் கொடுப்பதுபோலக் கொடுத்தாள்.

அடுப்படியில் ஸ்டெல்லாவுக்குக் கொஞ்சம் ஊற்றினேன். அவள் பிளாஸ்க்கின் வாயை முகர்ந்து பார்த்தாளே தவிர குடிக்கவில்லை. "எனக்கு அல்சர் டீச்சர், காபியத் தொடக் கூடாதுன்னுட்டாங்க. வறுக்கறத விட்டு வருஷமாச்சு. அந்த இரும்புச் சட்டியக்கூட யாரோ கேட்டாங்கன்னு குடுத்துட்டேன்" என்றாள். பிறகு, "இதேதான் டீச்சர். என்னோடதவிட ஒரு படி மேல" என்றாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. ஆனாலும் அவள் வாயிலிருந்து வந்தது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

கருப்புக் கண்ணாடியெல்லாம் போய், எல்லாம் தெளிவாகத் தெரிய ஆரம்பித்த பிறகு ஒரு நாள் கமலாவின் எதிரிலேயே உட்கார்ந்து, அவள் பார்க்க ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். கொட்டை நன்றாக வரட்டும், மழை விடட்டும், மூட்டுவலி குறையட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். அந்த ஐப்பசியில் மாரடைப்பு, ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே போய்விட்டாள். மீட்டர் கேஜ் தண்டவாளத்தை எப்போதோ பிடுங்கிவிட்டார்கள். சாலியமங்கலத்தில் ஸ்டெல்லா வண்டிக்குக் காத்திருக்கும் மரப்பெஞ்சு இருந்த இடத்தில் இப்போது சிமெண்டுத் திட்டு இருக்கிறது. ஸ்டெல்லா ஈஸ்டருக்கு ஈஸ்டர் போன் செய்து இன்னமும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாள். என்னுடைய காபி இப்போது நிஜமாகவே நன்றாக இருக்கிறது. வீட்டில் சொல்கிறார்கள், வருகிறவர்கள் சொல்கிறார்கள். கமலா இருந்தால் இன்னொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்து, யாருடையது சொல் என்று கேட்டிருப்பேன். ஸ்டெல்லாவோடது என்றுதான் சொல்லியிருப்பாள், எனக்குத் தெரியும். அப்படிச் சொல்லி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள ஊரில் இப்போது ஒரு ஆள்கூட இல்லை.